திரைக்காட்சியும் நற்காட்சியும்



திரைப்படங்களைப் பற்றி நமது காலாண்டிதழில் எழுதலாமா என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். முதியோர் சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். அவ்வையம் நமக்கும் இருந்தது. கண்ணுக்கும் செவிக்கும் விருந்தாகி மனத்தைப் புலன்வழி இழுத்துச் செல்லும் கேளிக்கைகளிலிருந்து விலகி நிற்பதே இல்லறத்தார்க்கு நலம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அண்மையில் கண்ட மூன்று படங்கள் நம்மைக் கேளிக்கையின்பால் இழுக்கவில்லை. நெடுநாள் நாம் தள்ளிவைத்திருந்த கடமை ஒன்றின்முன் கொண்டுபோய் நிறுத்தின. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற மழைக்காலத்தில் வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் நமக்குக் கணுக்காலில் எலும்பு விரிசல் கண்டது. மூன்று வாரம் நடக்கலாகாது என்றார் மருத்துவர். கல்லூரியில் பயிலும் பேரன், "தாத்தா சும்மா படுத்திருந்தால் மனம் சோர்ந்துவிடும்" என்று கூறி, அந்தியுணவு முடிந்தபின் ஒவ்வொரு மாலையும் தன் மடிக்கணினியில் ஏதேனும் ஒரு பழைய படத்தை ஓடவிடுவான். அயல்மொழிப் படமாயின் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்துப் பொருள் சொல்லுவான். அவ்வாறு கண்டவற்றுள் ஒன்று ஜப்பானியப் படம். ஒன்று சுவீடன் நாட்டுப் படம். ஒன்று நம் தமிழ்ப் படம். மூன்றும் கறுப்பு வெள்ளைப் படங்கள். மூன்றும் பேசிய பொருள் ஒன்றே: மனித வாழ்நாளின் சிறுமை.

நீலாஞ்சனையின் நடனம்

படங்களைக் கூறுமுன், நாம் அனைவரும் அறிந்த வரலாறு ஒன்றை நினைவுகூர்வோம். ஆதி தீர்த்தங்கரர் விருஷபதேவருக்கு ஆயுள் 84 இலட்சம் பூர்வம். அதில் 20 இலட்சம் பூர்வம் குமாரப் பருவத்திலும், 63 இலட்சம் பூர்வம் அரசாட்சியிலும் கழிந்தன. எஞ்சியது ஓர் இலட்சம் பூர்வமே. உலகுக்கு உழவும் வாணிபமும் எழுத்தும் எண்ணும் கற்பித்த பெருமான், இன்னும் சிங்காதனத்திலேயே வீற்றிருந்தார். அவர் துறவு மேற்கொள்ளும் காலம் அணுகியதை உணர்ந்த தேவேந்திரன் ஓர் உபாயம் செய்தான். ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த நீலாஞ்சனை என்னும் தேவமங்கையை அரசவையில் நடனமாடச் செய்தான். அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆயுள் முடிந்து, மின்னலெனத் தோன்றி மறைந்தாள். அவையின் இன்பம் கெடலாகாது என்று இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற மற்றொருத்தியை அவ்விடத்தில் தோற்றுவித்தான். தாளம் தவறவில்லை, பாட்டு நிற்கவில்லை. அவையோர் எவரும் வேற்றுமை காணவில்லை. விருஷபதேவர் ஒருவரே கண்டார்.

அவையிலிருந்த அனைவர் கண்களும் அதே நடனத்தைத்தான் நோக்கின. ஆயினும் மற்றோர் நடனத்தைக் கண்டனர். பெருமான் நிலையாமையைக் கண்டார். பார்ப்பது வேறு, காண்பது வேறு. 'சம்யக் தர்சனம்' என்பதை நம் தமிழ்ச் சான்றோர் 'நற்காட்சி' என்று மொழிபெயர்த்தனர். அச்சொல்லின் ஆழம் இங்கே விளங்குகிறது. மும்மணிகளுள் ஞானத்திற்கும் ஒழுக்கத்திற்கும் முன்னே காட்சி வைக்கப்பட்டிருப்பதன் காரணமும் ஒருவாறு புலனாகிறது.

சீவக சிந்தாமணியிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. முத்தி இலம்பகத்தில், ஆண்குரங்கு தன் மந்திக்குக் கொடுத்த பலாப்பழத்தைக் காவற்காரன் பறித்துக்கொள்வதைச் சோலையில் கண்ட சீவகனுக்கு, அரசச் செல்வமும் இவ்வாறே கைமாறுவது என்ற உணர்வு பிறக்கிறது. குரங்கையும் பழத்தையும் யார்தாம் பார்த்ததில்லை? சீவகன் கண்டான், துறந்தான். எனவே காட்சி எது என்பது பெரிதன்று. காண்பவன் எவ்வாறு காண்கிறான் என்பதே பெரிது. இவ்வெண்ணத்தோடு மூன்று படங்களையும் அணுகுவோம்.

முத்திரை குத்தும் கை

முதற்படம் 'இகிரு'. அகிரா குரோசாவா இயக்கி 1952-ஆம் ஆண்டு வெளிவந்தது. அச்சொல்லுக்கு 'வாழ்தல்' என்று பொருள். படத்தின் தொடக்கக் காட்சியே ஒரு வயிற்றின் எக்ஸ்ரே படம். அது கதைத்தலைவருடைய வயிறு, உள்ளே புற்றுநோய். அவருக்கு அது இன்னும் தெரியாது.

வாதனாபே என்னும் அம்முதியவர் ஒரு நகராட்சி அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர். காலை முதல் மாலை வரை தாள்களில் முத்திரை குத்துவதே அவர் பணி. இளமையில் அலுவலகத்தைச் சீர்திருத்தத் தாமே எழுதிய திட்டம் ஒன்று மேசை இழுப்பறையில் தூசு படிந்து கிடக்கிறது. முத்திரையின் மையைத் துடைக்க அதிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கிறார். நெஞ்சை அறுக்கும் காட்சி இது. தம் இளமைக் கனவைத் தாமே கிழித்துத் துடைப்புத் துணியாக்குகிறோம் என்ற உணர்வுகூட அவரிடம் இல்லை.

ஏழைத் தாய்மார் சிலர், தம் தெருவில் தேங்கி நிற்கும் சாக்கடையைத் தூர்த்துக் குழந்தைகள் விளையாட ஒரு பூங்கா அமைத்துத் தருமாறு மனுக் கொண்டு வருகின்றனர். இப்பிரிவு அப்பிரிவுக்கு அனுப்புகிறது. அப்பிரிவு வேறொரு பிரிவுக்கு அனுப்புகிறது. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கின்றனர்.

மருத்துவர் நோயை மறைத்து, 'இலேசான புண்தான்' என்கிறார். ஆனால் மருத்துவர் இப்படித்தான் சொல்லுவார் என்பதைக் காத்திருப்போர் அறையில் மற்றொரு நோயாளி முன்னரே உரைத்துவிட்டமையால், தமக்கு மரணம் நெருங்கிவிட்டதென முதியவர் உணர்ந்துகொள்கிறார். சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஓர் இரவு முழுதும் கேளிக்கை விடுதிகளில் திரிகிறார், நிறைவு கிட்டவில்லை. அலுவலகத்தை விட்டுப் பொம்மைத் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்ட இளம்பெண் ஒருத்தியின் உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார். தான் செய்யும் பொம்மை முயல்கள் நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தோழமையாவது போலத் தோன்றுகிறது என்பதே அவள் விடை. தம்மாலும் ஏதோ ஒன்று செய்ய முடியும் என்று அவருக்கு அப்போது தோன்றுகிறது. அந்தப் பூங்கா மனு நினைவுக்கு வருகிறது.

இதன்பின் அவரை நாம் பெரும்பாலும் உயிரோடு காண்பதில்லை. ஐந்து திங்கள் கழித்து அவர் இறந்துவிட்டார் என்று கதைசொல்லியின் குரல் அறிவிக்கிறது. துக்க வீட்டில் கூடிய அலுவலர்கள் பேசப் பேச, அவர் அந்தப் பூங்காவுக்காகப் பட்ட பாடெல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்படுகிறது. இன்னின்னார் வாசலில் காத்திருந்தார், இன்னின்னாரிடம் அவமதிப்புற்றார். 'இத்தனை அவமானம் செய்கின்றனரே, உமக்குச் சினம் வரவில்லையா?' என்று உடன் பணிபுரிவோர் கேட்டபோது, எவர்மீதும் சினங்கொள்ளத் தமக்கு நேரமில்லை என்னும் கருத்துப்படக் கூறியிருக்கிறார். தாம் அமைத்த பூங்காவில், பனி பொழியும் இரவில், ஊஞ்சலில் அமர்ந்து பாடியவாறே அவர் உயிர் நீத்தார்.

தசலக்ஷண தர்மத்துள் முதலாவது உத்தம க்ஷமை. சினத்தை அடக்குதற்கு நாம் எத்தனையோ வழிகள் கேட்டிருக்கிறோம். நாள் குறைவு என்பதை மெய்யாகவே உணர்ந்தவனுக்குச் சினம் தானே அற்றுப்போகும் என்பதை அம்முதியவர் வாயிலாகக் கண்டோம்.

படம் அங்கு முடிந்திருந்தால் மனநிறைவோடு உறங்கியிருப்போம். அன்றிரவு துக்க வீட்டில் அலுவலர் யாவரும் 'இனி நாமும் அவரைப்போல் உழைப்போம்' என்று சூளுரைக்கின்றனர். ஆனால் மறுநாள் புதிய பிரிவுத் தலைவர் வேறொரு மனுவை வழக்கம்போல் வேறு பிரிவுக்கு அனுப்புகிறார். ஒரே ஓர் அலுவலர் சினந்து எழுகிறார்; பின் ஒன்றும் கூறாமல் மெல்ல அமர்கிறார். தாள் குவியலுக்குப் பின்னே அவர் முகம் மறைகிறது.

நூல்வாசிப்பும் சொற்பொழிவும் கேட்டு, ஆலயத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே அவற்றை மறந்துவிடும் நமக்கு அந்த முகம் நன்கு பழகிய முகமன்றோ?

முள் இல்லாக் கடிகாரம்

இரண்டாம் படம், சுவீடன் நாட்டு இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1957-இல் எடுத்தது. அதன் பெயருக்குக் 'காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள்' என்று பொருள். 78 வயது மருத்துவப் பேராசிரியர் இசாக் போர்க், ஐம்பதாண்டுப் புலமைக்கான சிறப்புப் பட்டம் பெறுவதற்காக ஸ்டாக்ஹோம் நகரிலிருந்து லுண்ட் நகருக்குப் புறப்படவேண்டும். முன்னிரவு ஒரு கனவு காண்கிறார். ஆளற்ற தெரு, அங்கே முள் இல்லாத கடிகாரம். சவவண்டி ஒன்று சக்கரம் கழன்று சாய, பெட்டி கீழே விழுகிறது. உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவரைப் பற்றி இழுக்கிறது. குனிந்து பார்த்தால் உள்ளிருப்பவர் அவரே.

விழித்தெழுந்தவர் விமானப் பயணத்தை விடுத்து மருமகளுடன் காரில் செல்கிறார். புகழும் பட்டமும் நிறைந்த அவர், உள்ளத்தால் எவர்க்கும் உதவாதவர் என்பதை அம்மருமகள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். வழியில் இளமையில் வாழ்ந்த வீடு, காதலித்த பெண், முதுமையுற்ற தாய் என ஒவ்வொன்றாகத் தம் வாழ்நாளைத் திரும்பக் காண்கிறார். மற்றொரு கனவில் அவருக்கு ஒரு தேர்வு நடக்கிறது. கரும்பலகையில் எழுதியுள்ள வாசகம் அவருக்கு விளங்கவில்லை. மருத்துவனுடைய முதற்கடமை மன்னிப்பு வேண்டுவது என்பதே அதன் பொருள் என்று தேர்வாளர் கூறுகிறார். வாழ்நாள் முழுதும் தேர்வு நடத்திய பேராசிரியர் அத்தேர்வில் தோற்கிறார்.

இக்காட்சியைக் கண்டபோது க்ஷமாவணி நாள் நினைவுக்கு வந்தது. தசலக்ஷண பருவம் நிறைவுற்றபின் உற்றாரிடமும் மற்றாரிடமும் பிழை பொறுக்குமாறு வேண்டும் அவ்வழக்கம் நம்மில் எத்தனைபேருக்கு உதட்டளவில் நின்றுவிட்டது! எவரிடம் பிழை செய்யவில்லையோ அவரிடமெல்லாம் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறோம். எவரிடம் உண்மையில் பிழை செய்தோமோ அவர் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம்.

பட்டம் பெற்ற அன்றிரவு, நெடுங்காலமாகத் தம் இல்லத்தில் பணிபுரியும் மூதாட்டியிடம், காலையில் தாம் நடந்துகொண்ட முறைக்காக அப்பேராசிரியர் வருத்தம் தெரிவிக்கிறார். பெரிதாக எதுவும் நிகழவில்லை. ஒரு சிறு சொல்தான். ஆயினும் அன்றிரவு அவருக்கு நல்ல உறக்கம் வருகிறது.

நீர்க்குமிழி

மூன்றாவது, கே. பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'. 1965-இல் வெளிவந்தது. தாம் எழுதிய மேடை நாடகத்தையே அவர் படமாக்கினார். கதை முழுவதும் ஏறத்தாழ ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. நாகேஷ் ஏற்ற சேது என்னும் பாத்திரம், யாருமற்ற அநாதை, புற்றுநோயாளி. மருத்துவமனை முழுவதும் குறும்பும் சிரிப்புமாகத் திரிந்து, பிற நோயாளிகளின் துயரை மறக்கச் செய்கிறான். அவன் சிரிப்பின்பின்னே நோய் காத்திருக்கிறது.

நிலையாமைக்கு உவமையாக நம் நூல்கள் நீர்க்குமிழியையும் மின்னலையும் வானவில்லையும் எடுத்துரைக்கும். இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: மூன்றும் அழகியவை. நிலையாதது என்பதனாலேயே வாழ்வு இழிந்தது என்று ஆகிவிடாது. சேது தன் சிறு பொழுதைப் பிறர்க்கு ஒளியாக்கினான். அநித்ய பாவனை மனச்சோர்வுக்கு மருந்தாக வேண்டுமேயன்றி மனச்சோர்வாகவே மாறிவிடக் கூடாது.

இங்கு நாலடியாரின் அமைப்பை எண்ணிப் பார்த்தல் தகும். சமண முனிவர் பாடல்களின் தொகுப்பாகிய அந்நூலின் நானூறு வெண்பாக்களுள் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்பன. நான்காவது அதிகாரம் எது? அறன் வலியுறுத்தல். நிலையாமையைச் சொல்லி அழவைத்துவிட்டு முனிவர்கள் எழுந்து போய்விடவில்லை. 'ஆகவே அறம் செய்' என்று கைகாட்டினர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறும் பன்னிரண்டு அநுப்பிரேக்ஷைகளும் அவ்வாறே அநித்யத்தில் தொடங்கித் தர்மத்தில் முடிகின்றன. வாதனாபே என்னும் அந்த ஜப்பானிய முதியவர் நாலடியாரை அறியார். ஆனால் மூன்றாம் அதிகாரத்திலிருந்து நான்காம் அதிகாரத்திற்கு அவர் நடந்து சென்றார். நம்மில் பலர் முதல் மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லுகிறோம். நான்காம் அதிகாரத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

ஒரு நொடிக்கு இருபத்துநான்கு

படச்சுருளில் அசைவு என்று ஒன்று இல்லை என்பதைப் பேரன் நமக்கு விளக்கினான். ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றும் விரைவினால் கண் ஏமாந்து, ஒருவரே நடப்பதாகவும் சிரிப்பதாகவும் காண்கிறது. 'இகிரு' 143 நிமிடப் படம். கணக்கிட்டால் 2,05,920 படங்கள்! அத்தனை தோற்றங்களும் அத்தனை மறைவுகளும் சேர்ந்ததே நாம் 'வாதனாபே' என்று கண்டு கண்ணீர் உகுத்த மனிதர்.

இது நீலாஞ்சனையின் நடனமேயன்றோ! ஒருத்தி மறைய மற்றொருத்தி தோன்றியதை அவையோர் அறியாதது போலவே, ஒரு பரியாயம் மறைய மறு பரியாயம் தோன்றுவதை நாமும் அறிவதில்லை. தோற்றம், அழிவு, நிலைபேறு என்னும் மூன்றும் உடையதே பொருள் என்பது நம் ஆகமத் துணிபு. படங்கள் தோன்றி மறைய, அவற்றை ஏற்கும் வெண்திரை நிற்பது போல, குழந்தை, காளை, கிழவன் என்னும் நிலைகள் தோன்றி மறைய, அறிபவனாகிய ஆன்மா நிற்கிறது. உவமை முற்றும் பொருந்தாது. திரைக்கு அறிவில்லை, ஆன்மாவுக்கு அறிவே இயல்பு. ஆயினும் குழந்தைகளுக்குத் திரவியத்தையும் பரியாயத்தையும் விளக்க இவ்வுவமை பயன்படும்.

இன்னொன்றும் தோன்றியது. 'இகிரு'வின் முதியவராக நடித்த தகாஷி ஷிமுரா 1982-இல் மறைந்தார். பேராசிரியராக நடித்த விக்டர் ஷோஸ்ட்ரம் 1960-இல் மறைந்தார். நாகேஷ் 2009-இல் மறைந்தார். இயக்குநர்களுள் குரோசாவா 1998-இலும், பெர்க்மன் 2007-இலும், பாலசந்தர் 2014-இலும் மறைந்தனர். நிலையாமையை நமக்கு எடுத்துக்காட்டியவர்களே நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகிவிட்டனர்.

ஆயுள் கன்மம் கூறும் கணக்கு

படத்தின் கதைத்தலைவருக்கு மருத்துவரால் நாள் தெரிந்தது. நமக்கு எவ்வாறு தெரியும்? இதற்கு நம் கன்ம நூல்கள் கூறும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது.

எண்வகைக் கன்மங்களுள் ஆயுள் கன்மம் ஒழிந்த ஏனைய ஏழும் இடைவிடாமல் கட்டுறுவன. ஆயுள் கன்மத்திற்கு மட்டும் குறித்த காலங்கள் உண்டு. இப்பிறவியின் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்து ஒரு பங்கு எஞ்சும்போது, அடுத்த பிறவிக்குரிய ஆயுள் கட்டுறுவதற்கான முதல் வாய்ப்பு நேர்கிறது. அப்போது கட்டுறவில்லையெனில், எஞ்சியதில் மூன்றிலொரு பங்கு மிஞ்சும்போது மறு வாய்ப்பு. இவ்வாறு எட்டு வாய்ப்புகள். அவற்றிலும் கட்டுறாவிடில் இறுதிக் காலத்தில் கட்டுறும்.

ஒருவருக்கு ஆயுள் 81 ஆண்டு எனக் கொள்வோம். 27 ஆண்டு எஞ்சும் 54-ஆம் வயதில் முதல் வாய்ப்பு. 9 ஆண்டு எஞ்சும் 72-இல் இரண்டாவது. 3 ஆண்டு எஞ்சும் 78-இல் மூன்றாவது. ஓராண்டு எஞ்சும் 80-இல் நான்காவது. அதன்பின் நான்கு திங்கள் எஞ்சும்போது ஐந்தாவது. இவ்வாறே மேலும் குறுகிக்கொண்டு செல்லும்.

கணக்கு எளிது, ஆனால் நம் மொத்த ஆயுள் இத்தனை என்று நம்முள் யார் அறிவார்? 30 ஆண்டே வாழவிருப்பவனுக்கு முதல் வாய்ப்பு 20-ஆம் வயதிலேயே வந்து போய்விடும். ஆகவே அடுத்த பிறவியைத் தீர்மானிக்கும் அந்த நொடி நேற்றோ, இன்றோ, இந்த வரியைப் படிக்கும் இப்போதோ ஆகலாம். அந்நொடியில் நம் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதே கேள்வி. 'முதுமையில் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் சொல்லுக்கு நம் ஆகமத்தில் இடமே இல்லை. எக்கணமும் பரிணாமம் தூயதாக இருக்கவேண்டும் என்பதே இக்கணக்கின் பயன்.

பொன்னூர் மலை அடிவாரத்தில்

இவ்வளவும் எழுதியபின், நம் குறையைக் கூறாதொழிதல் முறையன்று.

நம் தாயார் மறைந்தபோது நமக்கு ஏழு வயது. நம்மை வளர்த்தவர் தமக்கையார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் களத்துமேட்டிலிருந்து பார்த்தால் பொன்னூர் மலை தெரியும். அங்கே குந்தகுந்தாசாரியரின் திருவடிகள் உள்ளன என்று தமக்கையார் காட்டிக் காட்டிச் சொல்லுவார். பின்னர் அவர் தஞ்சைப் பக்கம் மணமாகிச் சென்றுவிட்டார். நாம் பணியில் அமர்ந்து முதற்சம்பளம் பெற்ற அன்று, "அக்கா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். "ஒன்றும் வேண்டாம் தம்பி. ஒருமுறை உன்னோடு பொன்னூர் மலையேறித் திருவடி தரிசிக்க வேண்டும்" என்றார். "அடுத்த மாதமே போகலாம்" என்றோம்.

அடுத்த மாதம் அலுவலகத் தணிக்கை வந்தது. பிறகு நமக்குத் திருமணம். பிறகு பிள்ளைகளின் படிப்பு, வீடு கட்டுதல், மகள் திருமணம். பணி ஓய்வுக்குப்பின் போகலாம் என்றோம், ஓய்வும் பெற்றோம். தமக்கையார் ஒருமுறையும் நினைவூட்டவில்லை. நாமும் மறந்துவிடவில்லை என்பதுதான் கொடுமை. மனு மேசையிலேயே இருந்தது. நாம் நாளுக்கு நாள் முத்திரை குத்தி வேறு தேதிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

'இகிரு' பார்த்த இரவு உறக்கம் வரவில்லை. காலையில் பேரனிடம் இதைக் கூறினோம். கால் சரியானதும் அவனே காரை ஓட்டித் தஞ்சைக்கு நம்மை அழைத்துச் சென்றான். தமக்கையாருக்கு இப்போது 79 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, கோல் ஊன்றி முற்றம் வரை நடப்பதே அரிது. "பொன்னூருக்குப் போகலாம் அக்கா" என்றபோது நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று வெள்ளைப் புடைவை உடுத்தி வந்தார்.

அடிவாரத்தை அடைந்தபோது காலை வெயில் மலைமீது படர்ந்திருந்தது. படிகளை அண்ணாந்து பார்த்தார். ஆள் வைத்துத் தூக்கிச் செல்லலாமா என்று கேட்டோம். "வேண்டாம் தம்பி. என்னைச் சுமந்து ஒருவன் மூச்சு வாங்க, நான் மட்டும் புண்ணியம் தேடிக்கொள்வதா?" என்று மறுத்துவிட்டார். முந்தானையில் முடிந்து வந்த அக்ஷதையைப் பேரன் கையில் கொடுத்தார். அவன் ஏறினான். நாம் இருவரும் கீழே மரநிழலில் அமர்ந்திருந்தோம்.

அப்போது, "அக்கா, பிழை பொறுக்கவேண்டும்" என்றோம். ஒவ்வோராண்டும் கடிதத்தில் அச்சடித்து அனுப்பும் அதே சொல்தான். ஆயினும் அன்றுதான் முதன்முறையாக அதனைச் சொன்னதுபோல் நாக்குழறிற்று.

பேரன் திருவடிகளில் அக்ஷதை சாத்தி வணங்கி, தன் கைப்பேசியில் அவற்றைப் படமெடுத்து வந்து காட்டினான். உள்ளங்கை அளவுத் திரையில் திருவடிகள். தமக்கையார் அதனை வாங்கி நெடுநேரம் நோக்கினார், கண்களில் ஒற்றிக்கொண்டார். அதுவும் ஒரு திரைக்காட்சிதான். ஆனால் அவர் கண்டது நற்காட்சி என்பதில் நமக்கு ஐயமில்லை.

"நாற்பது ஆண்டு முன்னமே வந்திருந்தால் மேலே ஏறியிருக்கலாமே அக்கா, நான்தான் பாழாக்கினேன்" என்றோம்.

"மலை எங்கே போயிற்று தம்பி? அங்கேயேதான் இருக்கிறது. நாம்தான் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றார்.

பன்னிரண்டு அநுப்பிரேக்ஷைகளை நாம் நூலில் பலமுறை படித்திருக்கிறோம். முதலாவதன் பொருள் அன்று அம்மரநிழலில்தான் விளங்கிற்று.

இல்லந்தோறும் சிந்திக்க

இக்கட்டுரையைப் படித்தபின் குடும்பத்தார் ஒன்றுகூடி, கீழ்க்காணும் வினாக்களை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

1. விருஷபதேவர் அவையில் அனைவரும் ஒரே நடனத்தைப் பார்த்தனர். பெருமானின் காட்சி எவ்வகையில் வேறுபட்டது? அன்றாடம் நாம் பார்த்தும் காணாமல் விடுவன யாவை?

2. நாலடியாரில் நிலையாமை அதிகாரங்களை அடுத்து அறன் வலியுறுத்தல் வைக்கப்பட்டிருப்பதன் காரணம் என்ன?

3. உங்கள் வயதை எழுதுங்கள். அதனை மூன்றில் இரண்டு பங்காகக் கொண்டால் முழு ஆயுள் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அவ்வாறாயின் முதல் வாய்ப்பு உங்களுக்கு இன்றே நேர்கிறது. இன்று உங்கள் உள்ளத்தில் யார்மீதேனும் சினம் உண்டா?

4. உங்கள் மேசை இழுப்பறையில் தூசு படிந்து கிடக்கும் வாக்குறுதி எது? அதற்குரியவர் இன்று எங்கே இருக்கிறார்?

நான்காம் வினாவுக்கு விடை தெரிந்தவர்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டா, புறப்படுக.